நாலு மில்லிமீட்டர் புள்ளி

என் மகளின் மூளையில் ஒரு புள்ளி இருக்கிறது. இடது பக்கம், நெற்றிப்பொட்டுக்கு உள்ளே, நாலு மில்லிமீட்டர். இன்றைக்கும் அங்கேயேதான் இருக்கிறது. நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்து, வேங்கிக்கால் அலுவலகத்தில் ஓய்வு பெற்றவன். ஓர் அளவு காதில் விழுந்துவிட்டால் அதைவிட்டு என் மனம் நகராது. நாலு மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய ஒரு கொத்தமல்லி விதை. அந்த விதையைச் சுற்றித்தான் ஐந்து வருடம் எங்கள் வீடு நடந்தது.

மகள் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கல்யாணமான புதிதில் ஒருநாள், காலை வணக்கக் கூட்டத்தில் வரிசையில் நின்றவள் அப்படியே சாய்ந்து விழுந்தாள். கைகால் உதறியது. மாப்பிள்ளை ஓடிப்போய் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். டவுனில் ஸ்கேன் எடுத்தோம். படத்தில் வெள்ளையாக அந்தப் புள்ளி. சரியாகக் கழுவாத கீரை, காய்கறி வழியாக உள்ளே போன நாடாப்புழு முட்டை பொரிந்து, அந்தப் புழு மூளையில் தங்கி, செத்து, சுண்ணாம்பாக இறுகிப்போன தழும்பு என்று அன்றைக்கு டாக்டர் விளக்கினார். இதனால் வலிப்பு வரலாம் என்றார். அவர் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. புள்ளி இருந்தது, வலிப்பும் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போட்டார். நானாக இருந்தாலும் அந்தக் கோட்டைத்தான் போட்டிருப்பேன்.

முதலில் ஒரு மாத்திரை. வலிப்பு நிற்கவில்லை. இரண்டானது. பிறகு மூன்றானது. வலிப்பு மட்டும் தன் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. மாத்திரை தன் வேலையை வேறு இடத்தில் காட்டியது. கரும்பலகையில் பாதி வாக்கியம் எழுதிவிட்டு மீதி என்னவென்று தெரியாமல் நிற்பதாக அவளே சொன்னாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றியதும் படுத்துவிடுவாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது ஒன்றுதான். அவளுக்குக் குழந்தை வேண்டும். மகப்பேறு மருத்துவர் அம்மா மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, இதில் ஒரு மாத்திரை வயிற்றில் வளரும் பிள்ளைக்கு ஆகாது, முதலில் அதை நிறுத்திவிட்டு வா என்றார். நரம்பு மருத்துவரிடம் போனால், வலிப்பு இத்தனை தடவை வரும்போது அதை எப்படி நிறுத்துவது என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயம், இவர் சொன்னதும் நியாயம். ஒரு கதவுக்கும் இன்னொரு கதவுக்கும் நடுவே என் மகளுக்கு முப்பத்து மூன்று வயது முடிந்துவிட்டது.

வலிப்பு தொடங்கியதிலிருந்து மகளும் மாப்பிள்ளையும் எங்களோடுதான் இருந்தார்கள். வலிப்பு வந்தால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு வேலை உண்டு. மாப்பிள்ளை அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்தில் இருக்கும் நாற்காலியை நகர்த்துவார். நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன். என் மனைவி பீரோ சாவிக்கொத்தை அவள் வலது கையில் வைத்து அழுத்துவாள். இரும்பு பிடித்தால் வலிப்பு இறங்கும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வது. அடுத்தது கோயில் விபூதி. ஒரு பிடி அள்ளி நெற்றியில் பூசுவாள். உதறலில் விபூதி கண்ணில் விழுந்துவிடும் என்று, பூசுவதற்கு முன்பே இடது உள்ளங்கையால் மகளின் இரண்டு கண்களையும் மூடிப் பிடித்துக்கொள்வாள். அடங்கும்வரை அந்தக் கையை எடுக்க மாட்டாள். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

சென்னையில் இந்த நோய்க்கென்றே இருக்கும் ஒரு மருத்துவரிடம் போகலாம் என்று மாப்பிள்ளைதான் ஏற்பாடு செய்தார். அவர்கள் கொடுத்த நாள் பௌர்ணமிக்கு மறுநாள். நான் வேண்டாம் என்றேன். கிரிவலக் கூட்டம் திரும்பும் நேரத்தில் பஸ்ஸில் கால் வைக்க முடியுமா, நெரிசலில் இவளுக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்று முதல்நாள் முழுக்கப் புலம்பினேன். புறப்பட்டோம். ஊருக்கு வெளியே போட்டிருந்த தற்காலிக பஸ் நிலையம் வரை நடந்து, நாலாவது பஸ்ஸில் இடம் கிடைத்து, ஒன்றும் ஆகாமல் போய்ச் சேர்ந்தோம். நான் பயப்பட்டதில் பாதிக்கு மேல் நடப்பதில்லை. ஆனாலும் பயப்படுவதை நான் நிறுத்தியதில்லை.

அந்த மருத்துவர் ஐம்பது வயதுப் பெண்மணி. பழைய படங்களைப் பார்ப்பதற்கு முன்பு எங்களிடம் பேசினார். வலிப்பு எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேட்டார். நான் சொன்னேன். அதிகமாகப் பார்த்தால் ஏழு நிமிடம், கம்மியாகப் பார்த்தால் மூன்று. "நீங்களே வாட்ச் பாத்தீங்களா, இல்ல குத்துமதிப்பா சொல்றீங்களா?" என்றார். வாட்ச்தான் என்றேன். சாதாரணமாக வலிப்பு இரண்டு நிமிடத்துக்குள் ஓய்ந்துவிடும் என்று சொல்லிக் குறித்துக்கொண்டார். பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். அப்போது கண் திறந்திருக்குமா, மூடியிருக்குமா?

மூடியிருக்கும் என்றாள் என் மனைவி. நானும் மூடியிருக்கும் என்றேன்.

"அத்தை மூடிடுவாங்க மேடம்" என்றார் மாப்பிள்ளை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "யாரு மூடுவாங்க?"

என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தன் உள்ளங்கையைத் தூக்கி, எப்படி மூடுவாள் என்று காற்றில் செய்து காட்டினாள். அந்தக் கை வருவதற்கு முன்னால் யாராவது கண்ணைப் பார்த்திருக்கிறீர்களா என்று டாக்டர் எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகக் கேட்டார். வீட்டில் நான் எண்ணிவைத்திருந்தது அறுபத்து மூன்று வலிப்பு. ஒன்றில்கூட ஒருவரும் பார்க்கவில்லை.

மூளையின் மின்சாரம் தாறுமாறாகப் பாய்ந்து வரும் வலிப்பில் பெரும்பாலும் கண் திறந்திருக்கும். அப்படி இல்லாமல் வேறு வழியில் வரும் வலிப்பில் பெரும்பாலும் இறுக மூடியிருக்கும் என்றார். இதை மட்டும் வைத்து முடிவுசெய்ய மாட்டேன், ஆனால் இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் ஐந்து வருடம் போயிருக்கிறது என்றார். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. என் மனைவி மட்டும் கையை மடியில் மறைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார். முதலில் இன்னும் நுணுக்கமான எம்.ஆர்.ஐ. பிறகு தலை முழுக்க ஒயர் ஒட்டி, எதிரே கேமரா வைத்து, மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வலிப்பு வரும்வரை காத்திருப்பது. கேமராவில் உடம்பு தெரியும், ஒயரில் மூளை தெரியும், இரண்டும் ஒரே நேரத்தில். மூன்றாவதாக ஓர் ஊசி. வலிப்பு தொடங்கிய சில நொடிக்குள் அதைப் போட்டுவிட வேண்டும். அந்த நேரத்தில் மூளையில் எந்த இடத்துக்கு ரத்தம் அதிகமாக ஓடுகிறதோ அங்கே அந்த மருந்து போய்த் தங்கும். பிறகு நிதானமாகப் படம் எடுத்துக்கொள்ளலாம். சும்மா இருக்கும் ஒருநாள் இன்னொரு படம். வலிப்புப் படத்திலிருந்து சும்மா இருந்த படத்தைக் கழித்தால் மீதி நிற்கும் இடம்தான் வலிப்பு புறப்படும் இடம்.

கழித்தல் கணக்கு என்றதும் எனக்கு அந்த அம்மாவின் மேல் முழு நம்பிக்கை வந்துவிட்டது. புள்ளியைச் சுற்றித்தான் மீதி நிற்கும், அதை எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று மாப்பிள்ளையிடம் அடித்துச் சொன்னேன்.

முதல் ஊசி வீணானது எங்களால்தான்.

அந்த மருந்து தயாரித்த சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும். காலையில் கொண்டுவந்து, கனமான ஒரு பெட்டியில் வைத்து, நர்ஸ் பெண் கட்டிலுக்கு அருகிலேயே உட்கார்ந்திருந்தார். மகளின் வலது கையில் அதற்கான ஊசிக்குழாய் முன்பே குத்தியிருந்தது. கிட்ட வரக் கூடாது, தொடக் கூடாது என்று எங்களுக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். தலையாட்டியிருந்தோம். மகள் தண்ணீர் கேட்டாள், டம்ளரை நீட்டினேன், அதற்குள் உதற ஆரம்பித்துவிட்டது.

அடுத்து நடந்தது எதையும் நாங்கள் யோசித்துச் செய்யவில்லை. என் மனைவி இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, ஊசிக்குழாய் இருந்த அதே கையில் வைத்து அழுத்திவிட்டாள். இன்னொரு கை கண்ணுக்குப் போய்விட்டது. நர்ஸ் ஒரு கையால் சிரிஞ்சை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கைய விடுங்கம்மா, கைய விடுங்க" என்று கெஞ்சினார். என் மனைவிக்கு அது காதில் விழவில்லை. இரண்டு நிமிடம் ஓடிவிட்டது. இனி போட்டுப் பயனில்லை என்று நர்ஸ் சிரிஞ்சைப் பெட்டியில் திரும்ப வைத்தார்.

சாயங்காலம் கேமராப் பதிவை ஓட்டிப் பார்த்த டெக்னீஷியன் எங்களைக் கூப்பிட்டார். மகளும் எட்டிப் பார்த்தாள். திரையில் கட்டம்போட்ட என் சட்டையின் முதுகுப்புறம், அதற்குப் பக்கத்தில் என் மனைவியின் முழங்கை, கட்டிலின் ஓரத்தில் மகளின் பாதம். வேறு எதுவும் இல்லை. வாட்ச் பார்ப்பதற்கு வெளிச்சம் போதவில்லை என்று நான் ஓர் அடி முன்னால் நகர்ந்திருக்கிறேன். நேரே கேமராவுக்கு எதிரில்.

மகள் தலையில் ஒட்டியிருந்த ஒயரெல்லாம் ஆடும்படி சிரித்தாள். "எனக்கு ஃபிட்ஸ் வந்தா எப்படி இருக்கும்னு நான் பாத்ததே இல்ல. இப்பவும் உங்க முதுகுதாம்ப்பா தெரியுது."

அவள் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. நானும் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. சாவிக்கொத்தைக் கழற்றி மாப்பிள்ளையிடம் கொடுத்து, ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்வரை என்னிடம் கொடுக்காதீர்கள் என்றாள்.

மறுநாள் காலை இன்னொரு ஊசி வந்தது. மகள் தன் அம்மாவைக் கட்டிலருகே கூப்பிட்டாள். "ம்மா, ஒரே ஒரு வாட்டி தொடாம இரு. நீ தொட்டா எனக்குத் தைரியமாதான் இருக்கு. ஆனா என்னன்னு தெரிஞ்சாதாம்மா நான் அடுத்தத பாக்க முடியும்." என் மனைவி சுவரோரம் போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

பதினோரு மணிவாக்கில் வந்தது. நான் கேமராவுக்கும் சுவருக்கும் நடுவே ஒதுங்கி நின்றேன். நர்ஸ் கண்ணிமைக்கும் நேரத்தில் மருந்தைச் செலுத்திவிட்டார். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக என் மகளின் முகத்தை அந்த நேரத்தில் பார்த்தேன். கண்கள் இறுக மூடியிருந்தன. நர்ஸ் மெல்ல இமையைத் திறக்கப் பார்த்தார். இமை விடாமல் மூடிக்கொண்டது. தலை இடமும் வலமுமாக ஆடியது. கைகால் உதறுவது நின்று, மறுபடி தொடங்கி, மறுபடி நின்றது. ஆறரை நிமிடம். என் மனைவி எழுந்துவந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மகளைப் பிடிக்க வேண்டிய பிடி அது. வாட்சின் வார் தோலில் பதிந்து, அந்தத் தடம் ஊர் திரும்பும்வரை போகவில்லை. ஆனால் அவள் கட்டில் பக்கம் போகவில்லை. நான் இத்தனை வருடத்தில் அவளிடம் பார்த்த பெரிய தைரியம் அதுதான்.

அதே பிற்பகல் ஊசியில்லாமல் இன்னொன்று வந்தது. அதுவும் அப்படியே. இரண்டு நாள் விட்டு, சும்மா இருக்கும் படமும் எடுத்தார்கள்.

முடிவு சொல்லும் நாளில் டாக்டர் எல்லாவற்றையும் திரையில் காட்டினார். மூளையின் மின் அலைகள் வரிசையாக ஓடின. உடம்பு அப்படி உதறும்போது, தசை அசைவின் கிறுக்கலுக்கு நடுவே, விழித்திருக்கும் ஒருவருடைய சாதாரண அலைதான் போய்க்கொண்டிருந்தது. ஆரம்பத்தில் கலங்கவில்லை, முடிவில் களைக்கவும் இல்லை. பிறகு வண்ணப்படங்கள். கழித்துப் பார்த்ததில் புள்ளி இருந்த இடத்தில் மீதி என்று ஒன்றும் இல்லை. எம்.ஆர்.ஐ.யிலும் புள்ளியைச் சுற்றி வீக்கமோ கொதிப்போ இல்லை. மூளையிலிருந்து புறப்படும் வலிப்பு இது இல்லை என்றார்.

எனக்கு ஒப்பவில்லை. "ஆனா புள்ளி இருக்கே மேடம்?"

"இருக்கு சார். நம்ம பக்கத்துல எத்தனையோ பேர் தலையில இருக்கு. அவங்க பாட்டுக்கு வேலைக்குப் போறாங்க, வராங்க. புள்ளி இருக்கறது வேற. புள்ளிதான் இத பண்ணுதுங்கறது வேற. இருக்கறத ஸ்கேன்ல பாத்துடலாம். பண்ணுதான்னு பாக்கணும்னா, பண்ணும்போதுதான் பாக்கணும்."

இதை எனக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வரப்புச் சண்டை என்று மனு வரும். போய் அளப்போம். புலப்படம் என்கிற நில வரைபடத்தில் இருக்கும் எல்லைக்கல் நிலத்திலும் அசையாமல் இருக்கும். இரண்டு பங்காளிகளும் அந்தக் கல்லைக் காட்டித்தான் கத்துவார்கள். விசாரித்தால் சண்டை கல்லைப் பற்றியதாக இருக்காது. கிணற்றில் யார் எப்போது தண்ணீர் இறைப்பது என்ற முறையைப் பற்றியதாக இருக்கும். கல் இருக்கிறது என்பதற்காகக் கல்தான் காரணம் என்று ஒருநாளும் நான் எழுதிக் கொடுத்ததில்லை. அன்றைக்கு அந்த அறையில் நான் சமாதானமானது இந்த இடத்தில்தான்.

 மகள் இப்போது கேட்டாள். "அப்ப நான் நடிக்கிறேனா மேடம்?"

"நடிக்கறவங்களுக்கு நடிக்கிறோம்னு தெரியும். உனக்கு தெரியுதா?"

"தெரியல. விழறதே எழுந்த பிறகுதான் தெரியுது."

"அப்ப நடிப்பு இல்ல. பயந்தா நெஞ்சு அடிச்சுக்குது, அத நடிப்புனா சொல்றோம்? இதுவும் நிஜம்தான். வர்ற வழிதான் வேற. அதனால வைத்தியமும் வேற."

உடம்பும் மனமும் சேர்ந்து பழகிக்கொண்ட ஒரு வழி அது, பேச்சும் பயிற்சியும்தான் அதற்கு மருந்து, மாத்திரை இதைத் தொடாது என்றார். இரண்டு வகையும் ஒருவருக்கே சேர்ந்து இருப்பதும் உண்டு. இவளுக்கு அப்படி இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டேன், அறிகுறி இல்லை என்றார். மாத்திரைகளைத் தன் கண்காணிப்பில் மாதக்கணக்கில், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், ஒரே நாளில் நிறுத்தினால் ஆபத்து என்று மூன்று முறை சொன்னார். இதைப் படிப்பவர்களுக்கு நானும் மூன்று முறை சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக மகள், "அந்த மாத்திரையும் நின்னுடுமா?" என்று கேட்டாள். எந்த மாத்திரை என்று டாக்டர் கேட்கவில்லை. "நின்னுடும்" என்றார்.

ஊரில் சம்பந்தியம்மாவுக்கு இதைப் புரியவைப்பது அவ்வளவு லேசாக இல்லை. படத்தில் ஒன்றும் இல்லை என்றால் அப்புறம் எதற்கு விழுகிறாள் என்று என் எதிரிலேயே கேட்டார். மாப்பிள்ளை முந்திக்கொண்டார்.

"ம்மா, உனக்குக் கோவம் வந்தா பிபி ஜாஸ்தியாயி தல சுத்துது. தலைய படம் புடிச்சா என்னா இருக்கப் போவுது? நீ என்னா, டிராமாவா போடற?"

சம்பந்தியம்மா சேலைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். சற்று நேரத்தில் எல்லோருக்கும் டீ வந்தது. மகளுக்கு மட்டும் சர்க்கரை கூடுதலாக இருந்ததாம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மகள் சென்னையில் மனநல ஆலோசகரைப் பார்க்கப் போனாள். பல தடவை நான்தான் துணைக்குப் போனேன். முக்கால் மணி நேரம் கதவு மூடியிருக்கும். உள்ளே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திரும்பி வரும் பஸ்ஸில் கேட்க வாய் வரும். கேட்கக் கூடாது என்பது என் மனைவியின் உத்தரவு. செஞ்சி தாண்டும்வரை சில நாள் அழுதுகொண்டு வருவாள், சில நாள் தூங்கிக்கொண்டு வருவாள். வலிப்பு வருவதற்கு முன்னால் உடம்பில் தோன்றும் ஓர் அடையாளத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக ஒருநாள் சொன்னாள். அது என்ன என்று கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு சிரமம் என்பதை என்னை அறிந்தவர்கள் அறிவார்கள். வலிப்பு கம்மியாகிக்கொண்டே வந்தது. இரண்டு மாத்திரை போய், ஆகாத அந்த ஒன்று மட்டும் பாக்கி. அதையும் பாதியாக்கி, கால் ஆக்கி, முழுதாக நிறுத்த இன்னும் ஒரு வாரம் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டில் எல்லோரும் இருந்தோம், சம்பந்தியம்மா உட்பட. இரண்டு மாதமாக வராதது அன்றைக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை மேசையை நகர்த்தினார். என் மனைவி தரையில் மகளுக்கு அருகே உட்கார்ந்தாள், கைகள் மடியில். சென்னையில் கற்றுக்கொடுத்தபடி, "நீ நம்ம வீட்லதான் இருக்க, பயமில்ல, சரியாயிடும்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று நிமிடத்தில் ஓய்ந்தது.

சம்பந்தியம்மா பயந்துவிட்டார். அது உண்மையான பயம், குத்தல் இல்லை. "மாத்திரைய கொறைச்சதாலதாம்பா வந்துச்சு. நாலு நாளைக்காவது பழையபடி குடுங்க, புண்ணியமா போவும்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மாத்திரை அட்டை எப்போது என் கைக்கு வந்தது என்றே தெரியவில்லை, பிரிக்கத் தொடங்கியிருந்தேன்.

மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது, குரல் தெளிவாக இருந்தது.

"வேணாம்ப்பா. இது அது இல்ல. அன்னிக்கு நீங்களும்தான படத்த பாத்தீங்க?"

பார்த்தேன். கழித்துப் பார்த்ததில் ஒன்றும் மீதி இல்லை என்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். அட்டையை அவளிடம் கொடுத்தேன். அவளே சென்னைக்குப் போன் செய்து டாக்டரிடம் நடந்ததைச் சொன்னாள். திட்டத்தை மாற்ற வேண்டாம், அடுத்த வாரம் நிறுத்தும் தேதி அப்படியே இருக்கட்டும் என்று பதில் வந்தது. நிறுத்தினாள். பயந்துகொண்டே இருந்தேன், ஒன்றும் ஆகவில்லை.

போன மாதம் டவுனில் மகப்பேறு மருத்துவர் அம்மாவிடம் போனோம். மகளும் மாப்பிள்ளையும் உள்ளே போனார்கள். நானும் என் மனைவியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டார்கள். மகள் கையில் புதுச் சீட்டு. சத்து மாத்திரை ஒன்றுதான் எழுதியிருந்தது.

"இனிமே தடை ஒன்னும் இல்ல, எப்ப வேணா ஆகலாம்னு சொல்லிட்டாங்க" என்றாள் அவள் அம்மாவிடம். என் மனைவி அவள் கன்னத்தை ஒரு கையால் தொட்டுவிட்டு, சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பினார். பன்னிரண்டு மணிக்கு மகளுக்கு ஒன்பதாம் வகுப்பில் பாடம் இருந்தது. பின்னால் ஏறி உட்கார்ந்து, புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கீழ்பென்னாத்தூர் ரோட்டில் போனாள்.